இடது கை ஏன் தவறுகிறது: கீபோர்டில் டிரெபிள், பாஸ் கிளெஃப் பிழைகளைக் கண்டறிந்து நீக்கும் வழிமுறை

பெங்களூரில் அல்சூர், ஜீவன்பீமா நகர், ஃபிரேசர் டவுன் பக்கங்களில் கீபோர்டு கற்க வரும் தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் வெறும் கையோடு வருவதில்லை. சிலருக்குச் சனிக்கிழமை பாட்டு வகுப்பில் படித்த சரளி வரிசையும் கீதமும் இருக்கும். சிலர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடகர் குழுவோடு நின்று பாடிப் பழகியிருப்பார்கள். காது தயாராக இருக்கும் இந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்துதான், "வலது கை நன்றாகப் போகிறது, இடது கை சேர்ந்தவுடன் பாட்டே மாறிவிடுகிறது" என்ற புகார் அதிகம் வருகிறது. இன்னும் பயிற்சி செய்யச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் தவறான வாசிப்பைத் திரும்பத் திரும்பப் பயின்றால் அந்தத் தவறுதான் கையில் பதியும்.

ஐந்து கோடுகளின் தொடக்கத்தில் நின்று எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று சொல்லும் குறிதான் கிளெஃப்; உயர்ந்த ஸ்வரங்களுக்கு டிரெபிள், தாழ்ந்தவற்றுக்கு பாஸ். கிளெஃப் தொடர்பான பிழைகளில் ஒரு வசதி உண்டு. அழுத்தியிருக்க வேண்டிய கட்டைக்கும் உண்மையில் ஒலித்த ஸ்வரத்துக்கும் இடையே எத்தனை கட்டை தூரம் என்று, கறுப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்து எண்ணினால், காரணம் பெரும்பாலும் அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும். கீழே உள்ள அறிகுறிகள் எல்லாம் அந்தத் தூரத்தை வைத்தே பிரிக்கப்பட்டுள்ளன.

எதையும் சந்தேகிக்கும் முன் மிடில் சி

பியானோ ஒலியைத் தேர்ந்தெடுத்து, டிரான்ஸ்போஸ் (எல்லாக் கட்டைகளின் ஒலியையும் ஒரே அளவு ஏற்றி இறக்கும் வசதி) எண்ணை 0-க்குக் கொண்டுவந்து, தாளமும் கார்டும் (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிப்பது) தானாக ஒலிக்கும் வசதிகளை அணைத்துவிட்டு, மிடில் சி-ஐ அழுத்துங்கள். கைபேசியில் உள்ள ட்யூனர் செயலி அதை சி4 என்றும், ஏறத்தாழ 261.6 ஹெர்ட்ஸ் என்றும் காட்ட வேண்டும். யமஹா கையேடுகள் இதே கட்டையை சி3 என்று குறிப்பிடுவதைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. பெயரிடும் முறைதான் வேறு, மிடி எண் (கருவிகளும் கணினியும் கட்டைகளைக் குறிக்கும் எண்) இரண்டு முறையிலும் 60-தான்.

61 கட்டைகள் கொண்ட கீபோர்டில் மிடில் சி இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது சி, அதாவது 25-ஆவது கட்டை. 88 கட்டைகள் கொண்ட பியானோவில் அது நான்காவது சி, 40-ஆவது கட்டை. 

தாளில் மிடில் சி இரண்டு இடங்களில் எழுதப்படலாம்: டிரெபிளின் ஐந்து கோடுகளுக்குக் கீழே ஒரு லெட்ஜர் கோட்டில் (ஐந்து கோடுகளுக்கு வெளியே போடும் சிறு துணைக்கோடு), அல்லது பாஸின் ஐந்து கோடுகளுக்கு மேலே ஒரு லெட்ஜர் கோட்டில். இரண்டும் ஒரே கட்டை. எந்தக் கை வாசிக்க வேண்டும் என்பதைக் காட்டத்தான் இடம் மாறுகிறது. டிரெபிள் கிளெஃபின் சுழி, கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றிவந்து, அது மிடில் சி-க்கு மேலுள்ள ஜி என்று காட்டுகிறது. பாஸ் கிளெஃபின் இரண்டு புள்ளிகள் மேலிருந்து இரண்டாவது கோட்டுக்கு இருபுறமும் நின்று, அது மிடில் சி-க்குக் கீழுள்ள எஃப் என்று காட்டுகின்றன. மிடில் சி-யிலிருந்து மேலே எண்ணினாலும் கீழே எண்ணினாலும் ஐந்தாவது வெள்ளைக் கட்டையில்தான் இந்த இரண்டு அடையாளங்களும் அமர்ந்திருக்கின்றன.

அறிகுறி: இடது கை சில இடங்களில் 3 கட்டையும் சில இடங்களில் 4 கட்டையும் கீழே விழுகிறது

மிக அதிகமாகக் காணப்படும் பிழை இதுதான். காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே. பாஸ் கிளெஃபில் எழுதப்பட்டதை டிரெபிள் விதிப்படி படித்திருக்கிறார்கள்.

பாஸில் கீழிருந்து இரண்டாவது இடைவெளி சி. டிரெபிளில் அதே இடைவெளி ஏ. பாஸின் அடிக்கோடு ஜி, டிரெபிளின் அடிக்கோடு ஈ. எந்த இடத்தை எடுத்துக்கொண்டாலும், டிரெபிள் விதி உண்மைப் பெயருக்கு இரண்டு எழுத்து முன்னால் உள்ள பெயரைத் தருகிறது. இரண்டு எழுத்து தூரம் என்பது சி-க்கும் ஏ-வுக்கும் இடையில் 3 கட்டை, ஏ-வுக்கும் எஃப்-க்கும் இடையில் 4 கட்டை. விலகல் இப்படி மூன்றுக்கும் நான்குக்கும் இடையே மாறிக்கொண்டே இருந்தால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம், கண்தான் காரணம்.

கர்நாடக சங்கீதம் தெரிந்த வீடுகளில் கட்டைகளை எண்ண வேண்டிய அவசியம்கூட இல்லை. பாஸில் சி மேஜரில் எழுதப்பட்ட மெட்டு, அதாவது சி-யை ஷட்ஜமாகக் கொண்ட சங்கராபரணம், இந்தப் பிழையோடு வாசிக்கப்படும்போது ஏ-யில் தொடங்கி ஏ-யில் முடிகிறது. வெள்ளைக் கட்டைகள் மட்டுமே ஒலிக்கின்றன. சங்கராபரணத்தின் தைவதத்தை ஷட்ஜமாக்கினால் கிடைப்பது நடபைரவி என்பது கிரக பேதம் படித்தவர்களுக்குத் தெரிந்ததே. ஆகவே மகிழ்ச்சியான ஒரு சிறுவர் பாட்டு இடது கையில் நடபைரவியாக இறங்கி ஒலித்தால், பக்கத்து அறையிலிருந்தே பிழையின் பெயரைச் சொல்லிவிடலாம். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: சில வாரங்கள் பாஸை மட்டும் பயின்றுவிட்டுத் திரும்புகிறவர்கள், டிரெபிளை பாஸ் விதிப்படி படித்து, சி-க்குப் பதில் ஈ-யை அழுத்துவார்கள். அப்போது அதே மெட்டு தோடியாகக் கேட்கும்.

பெற்றோர் இதைக் கவனிக்காமல் விடுவதற்கும் நியாயமான காரணம் இருக்கிறது. வலது கை சி, ஈ, ஜி சேர்ந்த கார்டை வாசிக்கும்போது இடது கை சி-க்குப் பதிலாக ஏ-யை அழுத்தினால் அபஸ்வரமாக ஒன்றும் ஒலிப்பதில்லை. ஏ மைனர் சாயலில், கேட்கச் சுகமாகவே இருக்கும். தவறு காதை உறுத்தாததால் மாதக்கணக்கில் நீடிக்கும்.

இந்தப் பிழை ஏன் இவ்வளவு பிடிவாதமாக வருகிறது? பெங்களூர்ப் பள்ளிகளில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் கன்னட எழுத்தையும் தமிழ் எழுத்தையும் ஒன்றோடொன்று குழப்புவதில்லை, ஏனெனில் எழுத்தின் வடிவமே எந்த மொழி என்று சொல்லிவிடுகிறது. ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நோட்டேஷனில் அப்படி இல்லை. இரண்டு கிளெஃபிலும் அதே ஐந்து கோடு, அதே உருண்டைப் புள்ளி. வித்தியாசம் சொல்லும் குறி வரியின் தொடக்கத்தில் மட்டும் நிற்கிறது, கண் அதைத் தாண்டி எப்போதோ போய்விடுகிறது.

சரிசெய்யும் முறைக்கு வருவோம். கோடுகளின் பெயர்களை நினைவில் வைக்க ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்யவைப்பது வழக்கம். முதல் வாரத்துக்கு அது உதவும். அதற்குப் பிறகு தடை என்பதே என் கருத்து. மனத்துக்குள் வாக்கியத்தைச் சொல்லிக் கோடுகளை எண்ணி முடிப்பதற்குள் தாளம் கடந்துவிடும். தவிர, பதற்றம் வந்தவுடன் நன்றாகப் பழகிய டிரெபிள் வாக்கியமே இரண்டு கைக்கும் ஓடிவந்து நிற்கும். அதற்குப் பதிலாகப் புதிய ஷீட்டை எடுத்தவுடன், ஒவ்வொரு பாஸ் வரியிலும் எஃப் கோட்டின் மேல் பென்சிலால் மெல்லிய கோடு இழுக்கச் சொல்லுங்கள். அந்த எஃப்-ஐ இடது கையின் ஒரு விரல் கீபோர்டில் தொட்டுக்கொண்டிருக்க, மற்ற ஸ்வரங்களை அங்கிருந்து தூரமாக மட்டும் படிக்க வேண்டும்: கோட்டிலிருந்து அடுத்த இடைவெளிக்குப் போனால் பக்கத்து எழுத்து, கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் நடுவில் ஒரு எழுத்தைத் தாண்டிய எழுத்து. இந்தத் தூரக் கணக்கு இரண்டு கிளெஃபிலும் மாறுவதே இல்லை. மாறுவது தொடங்கும் இடம் ஒன்றுதான்.

இரண்டு கைகளையும் சேர்க்கும்போது கீழிருந்து மேலாகப் படிக்கப் பழக்குவது நல்லது. பாஸ் ஸ்வரத்தை முதலில் கண்டு, இடது விரலைக் கட்டையின் மேல் வைத்த பிறகே டிரெபிளைப் பார்க்க வேண்டும். வலது கையைப் பார்த்துவிட்டுக் கண் கீழே இறங்கினால், டிரெபிள் விதியும் கூடவே இறங்கிவிடுகிறது. ஸ்வரத்தின் பெயரை வாயால் சொல்லவைத்து மட்டும் சோதிக்கும் அட்டைகளும் செயலிகளும் நிறையக் கிடைக்கின்றன; பெயரைச் சரியாகச் சொல்லும் பிள்ளை கட்டையைத் தவறாக அழுத்துவது அன்றாடக் காட்சி என்பதால், விரல் கட்டையில் விழாத எந்தப் பயிற்சியையும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

அறிகுறி: எல்லா ஸ்வரமும், இரண்டு கையிலும், ஒரே அளவு விலகி ஒலிக்கிறது

இது கிளெஃப் பிழை அல்ல, டிரான்ஸ்போஸ். "மிஸ், வீட்டில் வாசித்தால் யூட்யூபில் வருவதோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது, இங்கே வந்தால் சரியாக இருக்கிறது" என்று ஒரு தாய் சொன்னபோது, வீட்டுக் கீபோர்டின் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். டிரான்ஸ்போஸ் என்ற இடத்தில் -5 என்று இருந்தது. அந்தப் பெண் பாட்டு வகுப்பில் 5 கட்டைச் சுருதியில் பாடுகிறவள். சுருதிக் கணக்கில் 1 கட்டை சி என்றால் 5 கட்டை ஜி; சி-யிலிருந்து 5 அரைஸ்வரம் கீழே இறங்கினால் அந்த ஜி வரும். வெள்ளைக் கட்டைகளிலேயே ச ரி க ம வாசிக்கலாம் என்பதற்காக யாரோ ஒருமுறை வைத்த எண் அப்படியே நின்றுவிட்டது. ஐந்தரைக் கட்டையில் பாடுகிறவர்கள் வீட்டில் இதே இடத்தில் -4 அல்லது 8 இருக்கக் காணலாம்.

ஷட்ஜத்தை எங்கே வைத்தாலும் அது ஷட்ஜம்தான் என்பது நம் சங்கீதத்தின் பெரிய வசதி. கோட்டில் எழுதிய ஜி-க்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அது ஒரு குறிப்பிட்ட கட்டை, ஒரு குறிப்பிட்ட ஒலி. டிரான்ஸ்போஸ் போட்ட கீபோர்டில் ஷீட் பார்த்துப் பழகினால் கண்ணும் விரலும் ஒத்துப்போகும், காது மட்டும் வேறு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும். பாட்டுக்குத் துணையாக வாசித்து முடித்தவுடன் எண்ணை 0-க்குத் திருப்பிவிட வேண்டும். பல மாடல்களில் பிளஸ், மைனஸ் பொத்தான்களை ஒருசேர அழுத்தினால் இது நடக்கும். அணைத்துவிட்டுப் போட்டால் தானே போய்விடும் என்று நம்பியிராமல் திரையில் எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: பெயர் சரி, ஸ்தாயி தவறு

விலகல் சரியாக 12 கட்டை என்றால், முதலில் பார்க்க வேண்டியது உட்காரும் இடம். 61 கட்டைகளின் உண்மையான நடுக்கட்டை 31-ஆவது. அது ஓர் எஃப் ஷார்ப், அதாவது எஃப்-ஐ அடுத்து வலப்புறம் உள்ள கறுப்புக் கட்டை. மூன்றாவது சி-யும் நான்காவது சி-யும் அதிலிருந்து இருபுறமும் ஆறாவது கட்டையில், சம தூரத்தில் இருக்கின்றன. கீபோர்டின் நடுவில் அமர்ந்து எதிரே தெரியும் சி-யைத் தேடும் பிள்ளைக்கு இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்க வாய்ப்பு சரிபாதி. மூன்றாவது சி-க்கு நேராக நாற்காலியை நகர்த்திப் போடுவதே மருந்து. தேர்வுக்காகவோ நிகழ்ச்சிக்காகவோ 88 கட்டைப் பியானோவில் அமரும்போது அது நான்காவது சி ஆகிவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

உட்காரும் இடம் சரியாக இருந்தும் ஸ்தாயி தவறினால், லெட்ஜர் கோடுகளை எண்ணுவதில் தடுமாற்றம் இருக்கலாம். சி-க்களை மட்டும் அடையாளமாகப் பழக்குவது இதற்கு நல்ல வழி, ஏனெனில் அவை மிடில் சி-யைச் சுற்றிச் சமச்சீராக அமைந்தவை. டிரெபிளில் கீழிருந்து மூன்றாவது இடைவெளி ஒரு சி. பாஸில் மேலிருந்து மூன்றாவது இடைவெளி ஒரு சி. டிரெபிளுக்கு மேலே இரண்டாவது லெட்ஜர் கோட்டில் ஒரு சி; பாஸுக்குக் கீழே இரண்டாவது லெட்ஜர் கோட்டில் ஒரு சி. இந்தக் கடைசி சி-தான் 61 கட்டைக் கீபோர்டின் இடக்கோடி. அதற்கும் கீழே எழுதப்பட்டிருந்தால் அந்த ஸ்வரம் உங்கள் கருவியில் இல்லை. பியானோவுக்காக எழுதிய ஷீட் அது. அந்தப் பகுதியை ஒரு ஸ்தாயி மேலே வாசித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஸ்வரங்களுக்கு மேலேயோ கீழேயோ 8 என்ற எண்ணும் அதைத் தொடர்ந்து புள்ளிக்கோடும் இருந்தால், கோடு முடியும்வரை ஒரு ஸ்தாயி மேலே அல்லது கீழே வாசிக்க வேண்டும். கீபோர்டின் ஆக்டேவ் (ஸ்தாயி) எண் மாறியிருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இடது கை ஒரு கட்டையை அழுத்தினால் முழுக் கார்டே ஒலிக்கிறது

தானியங்கித் துணையிசை இயங்கிக்கொண்டிருக்கிறது. யமஹாவில் ஏசிஎம்பி என்று எழுதிய பொத்தான் அது. பிரிப்புப் புள்ளிக்கு (கார்டுக்கான இடது பகுதி முடியும் கட்டை) இடப்புறம் உள்ள கட்டைகள் அப்போது தனி ஸ்வரங்களாக வேலை செய்யாது. பாஸ் கிளெஃபில் எழுதியவற்றில் பெரும்பகுதி அந்தப் பிரதேசத்தில்தான் விழுகிறது. பொத்தானை அணைத்தால் போதும்.

அறிகுறி: முதல் பக்கம் சரி, எங்கோ நடுவில் எல்லாம் சிதறுகிறது

கீழ் வரி என்றால் பாஸ், மேல் வரி என்றால் டிரெபிள் என்று நினைப்பதால் வரும் விபத்து இது. இரண்டு கைகளும் கீபோர்டின் மேற்பகுதிக்குப் போகும்போது கீழ் வரியிலும் டிரெபிள் கிளெஃப் போடப்படும். இரண்டும் கீழே இறங்கினால் மேல் வரியில் பாஸ் கிளெஃப் வரும். வரியின் நடுவில் மாறும்போது கிளெஃபைச் சற்றுச் சிறிய அளவில் அச்சிடுவார்கள். புதிய வரியின் தொடக்கத்தில் மாறுவதாக இருந்தால் முந்தைய வரியின் கடைசியிலேயே முன்னறிவிப்பாக ஒரு சிறிய கிளெஃப் நிற்கும். வாசிக்கத் தொடங்கும் முன் பக்கம் முழுவதையும் கண்ணால் ஓட்டி, மாறும் கிளெஃப் ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டமிடுவதைப் பழக்கமாக்க வேண்டும். டிரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் ஆகிய இசைத் தேர்வு வாரியங்களின் தேர்வுகளில் பார்த்தவுடன் வாசிக்கும் பகுதிக்கு அரை நிமிடம் அவகாசம் தருகிறார்கள். அதில் முதல் சில வினாடிகளைக் கிளெஃபுக்கும் கீ சிக்னேச்சருக்கும் (கிளெஃபை அடுத்து நிற்கும் ஷார்ப், ஃபிளாட் குறிகள்) செலவிடுகிறவர்கள் மீதி நேரத்தில் நிதானமாக இருப்பார்கள்.

அறிகுறி: எஃப் மட்டும் உறுத்துகிறது

ஒன்றிரண்டு ஸ்வரங்கள் மட்டும், ஒரு கட்டை தூரம் மட்டும் தவறுகின்றன என்றால் கிளெஃபை விட்டுவிட்டுக் கீ சிக்னேச்சரைப் பாருங்கள். ஜி மேஜரில் உள்ள ஒற்றை ஷார்ப் டிரெபிளில் மேல்கோட்டிலும், பாஸில் மேலிருந்து இரண்டாவது கோட்டிலும் நிற்கிறது. இடம் வேறாகத் தெரிந்தாலும் இரண்டும் எஃப்-தான். எல்லா ஸ்தாயியிலும் உள்ள எஃப்-களுக்கும் அது பொருந்தும். ஆனால் பாட்டின் நடுவில் ஒரு ஸ்வரத்தின் முன் போட்ட ஷார்ப் அப்படி அல்ல: அந்த வரிக்கு, அந்த ஸ்தாயிக்கு, அந்த பார் (இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) முடியும்வரை மட்டுமே செல்லும். வலது கைக்குப் போட்டதை இடது கைக்கும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அறிகுறி: பாடல் புத்தகத்தில் இடது கை எட்டவே எட்டாது

தேவாலயத்தில் நான்கு குரல் ஷீட்டைப் பார்த்து வாசிக்கிறவர்கள் சொல்லும் குறை இது. டிரெபிள் வரியில் சோப்ரானோ, ஆல்டோ என்ற பெண் குரல்கள். பாஸ் வரியில் டெனர், பாஸ் என்ற ஆண் குரல்கள். தண்டு மேல்நோக்கிய ஸ்வரங்கள் மேல் குரலுக்கு, கீழ்நோக்கியவை கீழ்க் குரலுக்கு. பாஸ் வரியில் இருப்பதால் டெனரும் இடது கைக்கே உரியது என்று எண்ணிப் பலர் விரலை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே கிளெஃப் குரலின் உயரத்தைக் காட்டுகிறதே தவிர, கையைக் காட்டவில்லை. டெனருக்கும் பாஸுக்கும் இடையே எட்டாத தூரம் வரும்போது டெனரை வலது கையின் கட்டைவிரலுக்குக் கொடுத்துவிடுங்கள். அது பெரும்பாலும் மிடில் சி-யை ஒட்டித்தான் இருக்கும்.

டெனருக்கென்று தனி வரி போட்ட ஷீட்டுகளில் டிரெபிள் கிளெஃபின் அடியில் ஒரு சிறிய 8 தொங்கும். அதைக் கவனிக்காமல் எழுதியபடியே வாசித்தால் டெனர் ஒரு ஸ்தாயி ஏறி, பெண் குரல்களின் நடுவில் போய் மோதும். ஒத்திகையில் ஆண்கள் திகைத்து நிற்கும்போது பழி அநேகமாக அவர்கள் மீதே விழுகிறது, பாவம்.

அறிகுறி: வாசிப்பு சரி, ஷீட்டே விசித்திரமாக இருக்கிறது

இணையத்திலிருந்து இறக்கிய திரைப்பாடல் ஷீட்டுகளில் பல, மிடி கோப்பை மென்பொருளில் திறந்து அச்சிட்டவை. பல சமயம் மென்பொருள் மிடில் சி-யில் கோடு கிழித்து, மேலே உள்ளதை டிரெபிளுக்கும் கீழே உள்ளதைப் பாஸுக்கும் பகிர்ந்துவிடுகிறது. எந்தக் கை என்பது அதற்குத் தெரியாது. பல்லவி மிடில் சி-க்குக் கீழே ஒரு ஸ்வரம் இறங்கினாலும் அந்த ஸ்வரம் மட்டும் பாஸ் வரிக்குத் தாவிவிடும். இடது கை தன் கார்டை விட்டுவிட்டு அதைப் பிடிக்க ஓடும். மெட்டின் நடுவில் ஒற்றை ஸ்வரம் இப்படி வரி மாறியிருந்தால், டிரெபிளுக்குக் கீழே லெட்ஜர் கோடு போட்டு அதைத் திரும்ப எழுதிக்கொள்ளுங்கள்: பாஸின் மேல்கோட்டில் உள்ள ஏ, டிரெபிளுக்குக் கீழே இரண்டாவது லெட்ஜர் கோட்டில் வரும், பாஸின் மேல்கோட்டை ஒட்டி மேலே நிற்கும் பி, டிரெபிளின் முதல் லெட்ஜர் கோட்டுக்குக் கீழே தொங்கும். எழுத இடமில்லை என்றால் அந்த ஸ்வரத்தின் பக்கத்தில் வலது கைக்கு 'வ' என்று பென்சிலால் குறித்தாலும் போதும்.